போன் வந்தால் யார் எடுப்பது?

கருமாதி முடிந்த மறுநாள். பந்தல் பிரித்த வாசலில், கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த சித்தப்பா மெதுவாகப் பேச்சை எடுத்தார்.

“அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. பையனுக்குக் காது கேக்காது. உங்களுக்கும் கண்ணு தெரிய மாட்டேங்குது. நாளைக்கு ஒரு போன் வந்தா யாரு எடுப்பீங்க? பேசாம காட்டைக் குத்தகைக்கு விட்டுருங்க. வருசமானா ஒரு தொகை வந்துரும். நிம்மதியா இருக்கலாம்.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அண்ணன் போன துக்கம் அவருக்கும் இருந்தது. கேட்ட கேள்வியிலும் நியாயம் இருந்தது. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ஒரு வெள்ளாமை பார்த்துட்டுச் சொல்றேன் தம்பி” என்றார். 2023 சித்திரையில் நடந்த பேச்சு இது.

தம்மம்பட்டிக்கு ஒரு பக்கம் கொல்லிமலை, மறுபக்கம் பச்சைமலை. நடுவே சுவேத நதி. ஊருக்குள் மரச்சிற்பம் செய்பவர்களின் உளிச் சத்தம். ஊரைத் தாண்டினால் குச்சிக்கிழங்கும் பாக்கும். அந்தக் குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கரில் குச்சிக்கிழங்கு, கிணற்றைச் சுற்றி முக்கால் ஏக்கரில் பாக்கு, இரண்டு கறவை மாடு. மகனுக்கு இருபத்தாறு வயது. பிறவியிலேயே காது கேட்காது. விடுதியில் தங்கிக் காது கேளாதோர் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் விழித்திரையைப் பாதித்துவிட்டது. பகல் வெளிச்சத்தில் எதிரே நிற்பவரின் உருவம் தெரியும். முகம் தெரியாது, எழுத்து தெரியவே தெரியாது.

அப்பா இருந்தவரை இவை பெரிய குறைகளாக யாருக்கும் படவில்லை. போனை எடுத்துப் பேசுவது அவர்தான். குறுஞ்செய்தியைப் படிப்பதும் அவர்தான். கேட்டதை மகனுக்குச் சைகையில் சொல்வார். படித்ததை அம்மாவுக்கு வாயால் சொல்வார். அந்த வீட்டுக்கென்று ஒரு சைகை மொழி இருந்தது. கன்னத்தில் மஞ்சள் பூசுவது போலத் தடவினால் மஞ்சள் நிறம். இரண்டு விரலால் வாயோரம் கிள்ளி வைத்தால் பாக்கு. மீசையை முறுக்கினால் சித்தப்பா. அப்பா போன பிறகுதான் தெரிந்தது, வீட்டுக்கு வெளியே இருந்து வந்த செய்தி எல்லாம் அந்த ஒரு மனிதர் வழியாகவே உள்ளே வந்திருக்கிறது என்று.

மோட்டார் காற்று வாங்கிய நாள்

ஆனி மாதத்தில் ஒரு நாள் மத்தியானம். மும்முனை மின்சாரம் வந்ததும் மகன் மோட்டாரைப் போட்டுவிட்டு, காட்டின் கோடியில் மாடு கட்டப் போயிருந்தான். திண்ணையில் இருந்த அம்மாவின் காதுக்கு மோட்டார் சத்தம் மாறுவது தெரிந்தது. கிணற்றில் தண்ணீர் கீழே போய், மோட்டார் காற்று வாங்க ஆரம்பித்துவிட்டது. நிறுத்தாவிட்டால் காயில் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். நாற்பது வருடம் கேட்ட சத்தம்.

மகன் சட்டைப் பையில் பட்டன் போன் இருந்தது. கூப்பிட்டால் அது அதிரும், அவனுக்கும் தெரியும். ஆனால் அதிர்வுக்கு என்ன அர்த்தம் என்று எப்படித் தெரியும்? அம்மாவால் குறுஞ்செய்தி அடிக்க முடியாது. மகனால் பேச்சைக் கேட்க முடியாது. கையில் ஒரு குச்சியோடு வரப்பைத் தடவித் தடவி அவர் மோட்டார் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது, தீய்ந்த வாசனைதான் வந்தது. காயில் கட்ட ஒரு மாதப் பால் காசு போயிற்று.

அன்றிரவு தாயும் மகனும் நெடுநேரம் தூங்கவில்லை. அவர் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து, மகன் ஒரு யோசனை சொன்னான். ஒரு தடவை அதிர்ந்து நின்றால் மோட்டாரை நிறுத்த வேண்டும். இரண்டு தடவை என்றால் வீட்டுக்கு வர வேண்டும். விடாமல் அதிர்ந்தால் ஓடி வர வேண்டும். பட்டன் போனில் 5 என்ற எண்ணின் மேல் சின்ன மேடு ஒன்று இருக்கும். பெரும்பாலானோர் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். கண் தெரியாதவர் விரலுக்கு அதுதான் நடுப் புள்ளி. அதை வைத்து மற்ற எண்களைக் கண்டுபிடித்துவிடலாம். 5க்கு நேர் மேலே 2. அதை அழுத்திப் பிடித்தால் மகன் எண்ணுக்கு அழைப்பு போகும்படி வைத்துக்கொண்டார்கள்.

காசு செலவில்லாத மிஸ்டுகால்தான் அந்த வீட்டின் முதல் தந்தி. அதற்குப் பிறகு மோட்டார் புகையவில்லை.

விரலால் பார்த்த மாவுப்பூச்சி

ஆடியில் குச்சிக்கிழங்கின் நுனிக் குருத்துகள் சுருண்டு கொத்துக் கொத்தாக நின்றன. வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. மகன் பார்த்தான், யாரிடம் கேட்பது? கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551 வீட்டுச் சுவரிலேயே அப்பா கரிக்கட்டையால் எழுதி வைத்தது. 2004 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய சேவை அது. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே கேட்கலாம், கட்டணம் கிடையாது. ஆனால் வாயால் கேட்டு, காதால் வாங்க வேண்டிய சேவை.

மகன் எண்ணை அழுத்திக் கொடுத்தான். அம்மா பேசினார். மறுமுனையில் இருந்தவர் பொறுமைசாலி. “நுனி எப்படிம்மா இருக்கு?” என்றார். மகன் அம்மாவின் விரலைப் பிடித்துக் குருத்தின் மேல் வைத்தான். “சுருண்டு முட்டையாட்டம் இருக்குங்க. பிசுபிசுன்னு மாவு ஒட்டுது” என்றார் அம்மா. “இலை மஞ்சளா, பச்சையா?” அம்மாவுக்கு நிறம் தெரியாது, மகனுக்குக் கேள்வி கேட்காது. அம்மா இலையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தார். மகன் புரிந்துகொண்டு அவர் கன்னத்தில் மஞ்சள் பூசுவது போலத் தடவினான். “மஞ்சளுங்க.”

வந்த பதில் இதுதான்: மாவுப்பூச்சி. தாக்கிய நுனிகளைக் கிள்ளிச் சேர்த்து எரித்துவிடுங்கள். கண்ட மருந்தையும் வாங்கி அடிக்காதீர்கள். பூச்சியை அழிக்க விட்டிருக்கும் குளவியும் செத்துவிடும்.

குளவி என்றதும் அம்மாவுக்கு நினைவு வந்தது. அப்பா சொல்லியிருந்தார். வெளிநாட்டிலிருந்து வந்து 2020 முதல் மரவள்ளியைத் தாக்கிய அந்த மாவுப்பூச்சிக்கு, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்தார்கள். 2022 மார்ச்சில் அதை வயலில் விடத் தொடங்கியது, தம்மம்பட்டிக்கு அருகே உள்ள ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில்தான்.

இரண்டு பேர் சேர்ந்து ஓர் ஆளாக நின்று பேசிய அந்த அழைப்பு, அந்தப் பட்டத்துக் கிழங்கைக் காப்பாற்றியது. ஆனால் அம்மா அன்று ஊரில் இல்லாமல் போயிருந்தால்? மகன் கண்ணெதிரே பயிர் நின்றிருக்கும், கையில் போனும் இருந்திருக்கும், கேள்வியும் மனசில் இருந்திருக்கும். கேட்க வழிதான் இருந்திருக்காது.

மருந்து புட்டிகளுக்கும் அவர்கள் ஒரு வழி செய்தார்கள். பூச்சிமருந்துப் புட்டியில் சாய்சதுரக் குறியின் கீழ்ப்பாதி சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. மஞ்சள் என்றால் அதற்கு அடுத்தது. நீலம், பச்சை என்று கடுமை குறைந்துகொண்டே போகும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தெரிந்துகொள்ளட்டும் என்று வைத்த குறி. கண் தெரியாதவருக்கு நிறமும் ஓர் எழுத்துதான், படிக்க முடியாது. அதனால் சிவப்புப் புட்டியின் கழுத்தில் நான்கு ரப்பர் வளையம், மஞ்சளுக்கு மூன்று, நீலத்துக்கு இரண்டு, பச்சைக்கு ஒன்று. இப்போது இருட்டிலும் அம்மா கை மாறாது.

இருவருக்கும் ஒரே நேரத்தில்

சித்தப்பா மகள் கல்லூரியில் படிக்கிறவள். புதுப் போன் வாங்கியதும் பழைய டச் போனை அண்ணனுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அது 2023 அக்டோபர் 20, வெள்ளிக்கிழமை. ஆயுத பூஜைக்கு மூன்று நாள் இருந்தது. கிணற்றடிப் பாக்கு நிழலில் தாயும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். திடீரென்று அந்தப் போன் சங்கு ஊதுவது போல அலறியது. அம்மா திடுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பினார். அதே நொடி, சட்டைப் பையில் இருந்த போன் மகன் நெஞ்சை உலுக்கியது. அவனும் திடுக்கிட்டான்.

அன்று தமிழ்நாட்டில் பேரிடர் எச்சரிக்கைக்கான சோதனை நடந்த நாள். ஒரு பகுதியில் உள்ள கோபுரங்கள் வழியாக, அங்கே இருக்கும் போன்களுக்கெல்லாம் ஒரே சமயத்தில் செய்தி அனுப்பும் முறை. ஒலி வரும், அதிர்வு வரும், திரையில் எழுத்தும் வரும். மகன் படித்துவிட்டு அம்மாவின் உள்ளங்கையில் விரலால் ஒவ்வோர் எழுத்தாக எழுதினான்: சோ - த - னை.

வெளியில் இருந்து வந்த ஒரு செய்தி, யார் தயவும் இல்லாமல், அவர்கள் இருவரையும் ஒரே நேரத்தில் எட்டியது அன்றுதான்.

இதன் அருமை, கடலோரத்தில் நடந்த ஒன்றை நினைத்தால் புரியும். புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் கிராம அறிவு மையங்களை அமைத்தது. அலையின் உயரம், காற்று, சந்தை விலை எல்லாம் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். எழுத்துத் தெரியாதவருக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் சுனாமிச் செய்தி அறிந்து போன் செய்ய, நல்லவாடு மீனவ கிராமத்தில் அந்த ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊரே ஓடித் தப்பியது. குரல் உயிர் காக்கும். ஆனால் காது கேளாத ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்தால், பக்கத்து வீட்டுக்காரர் தோளைத் தட்டினால்தான் உண்டு. எழுத்து மட்டும் வந்தால் கண் தெரியாதவருக்கு அதே கதி. ஒரே செய்தி காதுக்கும் கண்ணுக்கும் தோலுக்கும் சேர்ந்து வந்தால்தான் அது எல்லோருக்குமான செய்தி.

அப்பாவின் வேலையைப் பார்த்த போன்

தீபாவளி விடுமுறைக்கு வந்த தங்கை, அந்தப் போனை ஒரு மணி நேரம் நோண்டினாள். புதிதாகக் காசு கொடுத்து எதுவும் வாங்கவில்லை. அமைப்புகளுக்குள் ‘அணுகல்தன்மை’ என்றொரு பகுதி இருக்கிறது. அதில் ‘டாக்பேக்’ என்பதை இயக்கினால், விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறது என்று போன் வாய்விட்டுச் சொல்லும். தமிழ்க் குரலும் வைத்துக்கொள்ளலாம். ‘லைவ் டிரான்ஸ்கிரைப்’ என்ற செயலி, எதிரில் பேசுவதைக் கேட்டுத் திரையில் தமிழில் எழுதிக் காட்டும். கூகுள் இதை 2019இல் வெளியிட்டது. மகன் தட்டச்சு செய்ததைப் போன் படிக்கிறது; அம்மா பேசியதைப் போன் எழுதுகிறது.

முதல் நாள் அம்மா போனைப் பார்த்துச் சொன்ன முதல் வாக்கியம், “சாப்பிட்டியா சாமி?” திரையில் அது எழுத்தாக வந்தது. இருபத்தாறு வருடமாக அம்மா வாயசைவிலும் கையசைவிலும் பார்த்த கேள்வியை, மகன் அன்றுதான் அவர் சொன்னபடியே படித்தான். நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

குறை இல்லாமல் இல்லை. மலையடிவாரத்தில் சிக்னல் போனால் எழுத்தும் போய்விடும். சேலத்துப் பேச்சை அது சில நேரம் வேறாக எழுதும். “கொத்து விடணும்” என்றால் “கூத்து விடணும்” என்று வரும். இன்னொன்றும் உண்டு. பள்ளியில் தமிழ் படித்திருந்தாலும் மகனுக்கு மனசுக்குள் ஓடும் மொழி சைகைதான். நீளமான அரசாங்க வாக்கியங்கள் அவனுக்குப் பிடிபடுவதில்லை. “நாளை மழை. மருந்து அடிக்க வேண்டாம்” என்றால் புரியும். அதையே நாலு வரியில் சுற்றி எழுதினால் விழிப்பான். காது கேளாதவருக்கு எழுத்து ஒன்றே போதும் என்று நினைப்பது சரியல்ல. சின்ன வாக்கியம் வேண்டும், படம் வேண்டும், முடிந்தால் சைகை மொழி காணொளியும் வேண்டும். டெல்லியில் 2015இல் அமைந்த இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 10,000 சொற்களுக்குச் சைகை அகராதி தந்திருக்கிறது. அதில் விவசாயச் சொற்களும் உண்டு. பயிர் ஆலோசனைக் காணொளி எடுப்பவர்கள் மூலையில் ஒரு சைகை மொழிபெயர்ப்பாளரை நிறுத்த இது நல்ல தொடக்கம்.

மோட்டாருக்கும் ஒரு மாற்றம் செய்தார்கள். தண்ணீர் இல்லாவிட்டால் தானே நிறுத்தும் செல்போன் ஸ்டார்ட்டர் ஒன்றைப் பொருத்தினார்கள். அதில் இரண்டு எண்களைப் பதியலாம். அம்மாவின் எண்ணுக்குக் குரல் அழைப்பு, மகன் எண்ணுக்குக் குறுஞ்செய்தி.

ஆலையில் எழுதிய பலகை

தை கடைசியில் கிழங்கு பிடுங்கினார்கள். சேகோ ஆலையில் கிழங்குக்கு விலை எடைக்கு மட்டும் கிடையாது. மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்து, பாயிண்டுக்கு இவ்வளவு என்று போடுவார்கள். ஒரு பாயிண்ட் கூடினாலும் குறைந்தாலும் லோடுக்குக் கணிசமான காசு. சோதித்துப் பார்த்தவர் பாயிண்டை வாயால் சொல்வார், கணக்கர் எழுதிக்கொள்வார். அதுதான் வழக்கம்.

அந்த வருடம் லோடோடு போனவன் மகன் மட்டும். சோதனைக்காரர் ஏதோ சொன்னார். அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டையும் பேனாவையும் எடுத்து நீட்டினான். அவருக்கு முதலில் எரிச்சல். பின்னால் வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர், “எழுதித்தான் குடுங்களேன், எங்களுக்கும் அந்தச் சத்தத்துல ஒண்ணும் காதுல விழல” என்றார். எழுதிக் கொடுத்தார். அடுத்த லோடுக்குப் போனபோது, சோதனை மேடைக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை மாட்டியிருந்தது. வண்டி எண், எடை, பாயிண்ட் என்று மூன்று கட்டம். காது கேளாத ஒருவன் கேட்டதால் வந்த பலகை. இன்று வரிசையில் நிற்கும் எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள். யார் லோடு எத்தனை பாயிண்ட் என்பதில் பேச்சுக்கு இடமில்லை.

ஒருவருக்காகச் செய்தது எல்லோருக்கும் உதவுவது புதிதல்ல. போனின் கதையே இதற்கு நேர்மாறாகத் தொடங்கியது. 1876இல் தொலைபேசிக்குக் காப்புரிமை வாங்கிய கிரகாம் பெல்லின் அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது. மனைவிக்கு அறவே கேட்காது. பெல் காது கேளாதோருக்குப் பாடம் சொன்ன ஆசிரியர். ஆனாலும் அவர் செய்த கருவி, காது கேளாதவரை வெளியே நிறுத்திவிட்டது. 1964இல் அமெரிக்காவில் ராபர்ட் வைட்பிரெக்ட் என்ற இயற்பியலாளர் தொலைபேசிக் கம்பி வழியாகத் தட்டச்சுச் செய்தி அனுப்பும் வழி கண்டார். அவரே காது கேளாதவர். 1990இல் அந்த நாட்டுச் சட்டம், காது கேளாதவருக்கும் கேட்பவருக்கும் நடுவே இருந்து பேச்சை எழுத்தாகவும் எழுத்தைப் பேச்சாகவும் மாற்றித் தரும் சேவையைத் தொலைபேசி நிறுவனங்கள் தர வேண்டும் என்றது. தம்மம்பட்டி வீட்டில் அப்பா சம்பளம் இல்லாமல் செய்த அதே வேலை.

“கண்ணைச் சிமிட்டவும்”

நிலம் அம்மா பெயருக்கு மாறியது. பி.எம்.கிசான் உதவித்தொகை வருடத்துக்கு ₹6,000. அதற்கு இ-கேஒய்சி முடிக்க வேண்டும். அந்தச் செயலியில் முகத்தைக் காட்டியும் முடிக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். வட்டத்துக்குள் முகம் வர வேண்டும். சொன்னபோது கண்ணைச் சிமிட்ட வேண்டும். வட்டம் எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. சொல்வதும் எழுத்தில்தான் வந்தது. நாலு தடவை முயன்று, கடைசியில் பொதுச்சேவை மையத்துக்குப் போய்க் கைரேகை வைத்து முடித்தார்கள். மாற்று வழி இருந்ததால் வேலை நடந்தது. இல்லாத இடத்தில் என்ன ஆகும்?

இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அமில வீச்சில் முகமும் கண்ணும் பாதிக்கப்பட்டவர்கள், பார்வையற்ற ஒருவர் ஆகியோர் தொடுத்த வழக்குகளில் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பு வந்தது. மின்னணு சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது நீதிமன்றம். 20 உத்தரவுகள் பிறப்பித்தது. கண் சிமிட்டுவதற்குப் பதிலாக வேறு வழியும் இருக்க வேண்டும், காகித முறையும் தொடர வேண்டும் என்பவை அவற்றில் அடங்கும்.

அதற்கு முன்பே சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19. அதன் 42ஆவது பிரிவு, ஒலி, அச்சு, மின்னணு என்று எதில் வரும் செய்தியும் மாற்றுத்திறனாளிகள் அணுகும் வடிவில் இருப்பதை அரசு உறுதி செய்ய வேண்டும் என்கிறது. 2024 நவம்பர் 8 அன்று வேறொரு வழக்கில், அணுகல் விதிகள் வெறும் அறிவுரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். அவர்களில் 69 சதவிகிதம் கிராமங்களில் இருக்கிறார்கள். ஆக, இது நகரத்து அலுவலகங்களின் சங்கதி மட்டுமல்ல, வரப்போரத்துச் சங்கதியும்கூட.

இப்படிப்பட்டவர்கள் உள்ள குடும்பம் முதலில் செய்ய வேண்டியது, மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டை வாங்குவது. கண் தெரியாதவர், காது கேளாதவர்களில் தகுதியுள்ளோருக்குச் செயலிகளோடு கூடிய கைபேசி வழங்கும் திட்டம் தமிழக அரசிடம் இருக்கிறது. இரண்டுக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். போனின் அமைப்புகளில் ‘அணுகல்தன்மை’யைத் திறந்து பார்க்கக் காசு வேண்டாம், வீட்டில் படிக்கும் பிள்ளை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். உழவர் குழுக்களும் கூட்டுறவுச் சங்கங்களும் செய்யக் கூடியது இன்னும் எளிது. வாட்ஸ்அப்பில் விலை போடும்போது படத்தை மட்டும் போடாமல் எழுத்தாகவும் போடுவது. படத்தில் உள்ள எழுத்தைப் பல நேரம் போன் படித்துக் காட்டாது. குரல் பதிவு போட்டால் கீழே இரண்டு வரி எழுதுவது. இரண்டு வழியிலும் போனால், காட்டில் கை ஈரமாக இருப்பவரும் கேட்பார். பேருந்தின் இரைச்சலில் இருப்பவரும் படிப்பார்.

குச்சி கேட்டு வந்த செய்தி

ஒரு வெள்ளாமை பார்த்துட்டுச் சொல்றேன் என்று அம்மா கேட்ட தவணை முடிந்து இரண்டு வெள்ளாமை தாண்டிவிட்டது. குத்தகைப் பேச்சைச் சித்தப்பா மறுபடி எடுக்கவில்லை. அவருக்கும் இப்போது அறுபது நெருங்குகிறது. வாசிக்கக் கண்ணாடி தேடுகிறார். போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கும்படி மகளிடம் கேட்டு வாங்கினார். தட்டச்சு செய்யப் பொறுமை இல்லை. வாயால் சொல்லிப் போனை எழுத வைத்து அனுப்புகிறார். அண்ணன் மகனுக்காகக் கற்றுக்கொண்டது. இப்போது ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான் அனுப்புகிறார்.

போன மாசியில் மகன் போன் அதிர்ந்தது. நடவுக்கு அவர் காட்டில் நல்ல குச்சி இல்லை. அண்ணி காட்டில் நோயில்லாத குச்சி நிற்பதைப் பார்த்திருக்கிறார்.

“உங்க காட்டுல நடவுக்கு இருபது கட்டு குச்சி கிடைக்குமா?”

மகன் படித்தான். அதையே அம்மாவின் போனுக்கு அனுப்பினான். திண்ணையில் அது வாய்விட்டுப் படித்தது. அம்மா சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். மகன் திரையில் எழுத்து வந்தது. அவன் சித்தப்பாவுக்குப் பதில் அடித்தான்:

“அம்மா தரச் சொல்றாங்க. காலையில வண்டி கொண்டு வாங்க.”